டவர் இல்லையா, சிம் கோளாறா, செட்டே பொருந்தவில்லையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய செல்போன், பழைய சிம், வராத சிக்னல் பற்றியவை. எல்லாருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "டவர் பிரச்சினை சார்." கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார், கஸ்டமர் கேரும் அதைத்தான் சொல்கிறது. போன் பேசாமல் போனால் கோளாறு டவரில் இருக்கலாம், சிம்மில் இருக்கலாம், செட்டில் இருக்கலாம். எதில் என்று தெரியாமல் பணம் கொடுத்தால், நன்றாக இருக்கும் பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை வாங்கி வருவோம். தெரிந்துகொள்ள செலவில்லாத வழி உண்டு. உங்கள் சிம்மை வேறொருவர் செட்டில் போடுங்கள். அவர் சிம்மை உங்கள் செட்டில் போடுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். இதைச் செய்யாமல் யாரும் கடைப்படி ஏற வேண்டாம்.

கேள்வி: அப்பா வைத்திருந்த நோக்கியா 1100 பீரோவில் பத்திரமாக இருந்தது. அம்மாவுக்கு டச் போன் பழகவில்லை என்பதால் புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். ஆன் ஆகிறது. வீட்டில் இருந்த ஜியோ சிம்மைப் போட்டால் நெட்வொர்க் வரவே இல்லை. லாரன்ஸ் ரோட்டில் காட்டினால், "போர்டு போயிடுச்சு, சரி பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்கிறார்கள். உண்மையா ஐயா?
(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் போட்ட சிம்தான் அந்தச் செட்டுக்குப் பொருந்தாதது. ஜியோ 2016 செப்டம்பர் 5-ல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான். குரல் அழைப்பும் வோல்ட்டி வழியாகத்தான், அதாவது 4ஜி நெட்வொர்க் வழியாகவே போகும். 2ஜி என்ற ஒன்று அவர்களிடம் இருந்ததே இல்லை. நோக்கியா 1100 சுத்தமான 2ஜி செட். நம் ஊரில் விற்றவை 900, 1800 மெகாஹெர்ட்ஸ் இரண்டை மட்டும் பிடிக்கும். ஜியோவும் இந்தச் செட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே முடியாது.

தமிழ்நாடு வட்டத்தில் (செல்போன் சேவைக்காகப் பிரித்த பகுதியை வட்டம் என்பார்கள்) ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பி.எஸ்.என்.எல். மூன்றும் 2ஜி சேவையை இன்னும் வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டில் இந்த மூன்றில் ஒரு சிம்மை ஐந்து நிமிடம் வாங்கிப் போட்டுப் பாருங்கள். நெட்வொர்க் பெயர் திரையில் வந்துவிட்டால் செட்டில் குறையில்லை.

ஒரு எச்சரிக்கை. 1100-க்குள் போகும் சிம் பழைய பெரிய அளவு, 25க்கு 15 மில்லிமீட்டர். இப்போது எல்லார் போனிலும் இருப்பது நானோ, 12.3க்கு 8.8. ஆகவே அடாப்டர் சட்டம் வேண்டும். புது சிம் வாங்கும்போது அட்டையிலிருந்து உடைத்தெடுக்கிறோமே, அந்தச் சட்டத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதுவே போதும். நானோவை அடாப்டரில் வைத்து, பின்பக்கம் மெல்லிய செல்லோடேப் ஒட்டி, சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே உள்ளே தள்ளுங்கள். சிம் இல்லாத வெற்று அடாப்டரை ஒருபோதும் நுழைக்காதீர்கள். செட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பித்தளை நிற முள் அதன் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். வெளியே இழுக்கும்போது முள் வளைந்துவிடும். பழைய செட்டுகளில் பாதி சாவது இப்படித்தான்.

எதிர்த் திசையிலும் இதே தொல்லை உண்டு. பெரிய சிம்மைக் கட்டரில் வெட்டி நானோ ஆக்கித் தருகிறார்கள். நீளம், அகலம் சரியாகிவிடும், தடிமன் ஆகாது. பழைய சிம் 0.76 மில்லிமீட்டர் தடிமன், நானோ 0.67. வெட்டிய சிம் தட்டில் இறுகி நிற்பதும் திரும்ப வர மறுப்பதும் அதனால்தான். கம்பெனி கடையில் கேட்டால் அதே நம்பருக்குப் புது சிம் தருவார்கள், வெட்ட வேண்டிய தேவையே இல்லை. மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வங்கி ஓ.டி.பி. தேவைப்படும் நாளில் சிம் மாற்றாதீர்கள்.

அம்மாவின் பழைய சிம்மில் பெயர்கள் இருந்தால் மாற்றும் முன் எடுத்துக்கொள்ளுங்கள். 1100-ன் சொந்த நினைவகத்தில் 50 பெயர்தான் கொள்ளும், மீதி எல்லாம் சிம்மில் இருந்திருக்கும். பேட்டரி விஷயமும் ஒன்று. இந்தச் செட்டுக்கு உரியது பி.எல்.-5சி. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிடா தயாரித்த 4.6 கோடி பி.எல்.-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே 2007 ஆகஸ்டில் அறிவித்து மாற்றிக் கொடுத்தது. புதிதாகப் போட்டது நல்லது. கழற்றிய பழையதை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பட்டனை அழுத்திப் பேசிப் பழகிய கைக்கு அந்தச் செட்டே இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். என்றாவது புதிதாக வாங்க நேர்ந்தால் "4ஜி கீபேட் செட்தானே, வோல்ட்டி இருக்கிறதா?" என்று கேட்டு, அம்மா பேசும் சிம்மைக் கடையிலேயே போட்டு ஒரு கால் பேசிவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: பாரீஸில் இருக்கும் அண்ணன் தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனார். இங்குள்ள சிம் போட்டால் ஏதோ கோட் எண் கேட்கிறது. நேரு வீதியில் ஒரு கடையில் 2,000 ரூபாய் கொடுத்தால் உடைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
(வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: கொடுக்காதீர்கள். புதுச்சேரியில் பிரான்சிலிருந்து செட் வராத தெரு ஏது? இந்தக் கேள்வியும் செல்போன் வந்த நாளிலிருந்து வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு நன்மை இருந்தது. பிரான்சிலும் 2ஜி 900, 1800 அலைவரிசைதான், இங்கும் அதுதான். அதனால் அங்கிருந்து வந்த செட் இங்கே உடனே சிக்னல் பிடித்தது. அமெரிக்காவில் 850, 1900. அங்கிருந்து உறவினர் ஆசையாக வாங்கி வந்த பல செட்டுகள் இங்கே கடிகாரமாகத்தான் பயன்பட்டன.

உங்கள் செட்டில் தடுப்பது அலைவரிசை அல்ல, பூட்டு. மாதத் தவணையில் செட் கொடுத்த பிரெஞ்சு நிறுவனம், தன் சிம் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டியிருக்கிறது. வாங்கி மூன்று மாதம் ஆகிவிட்டால் அங்குள்ள நிறுவனம் அதை இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை (செட்டின் அடையாள எண்) அண்ணனுக்கு அனுப்புங்கள். அவர் தன் கணக்கு வழியாகக் கேட்டால் திறக்கும் எண் வரும். அதைத் தப்புத் தப்பாகப் போட்டுப் பார்க்காதீர்கள். குறிப்பிட்ட தடவைக்கு மேல் தவறினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் செட்டுகள் உண்டு. கடையில் "உடைப்பது" என்ற பெயரில் சிலர் ஐ.எம்.இ.ஐ. எண்ணையே மாற்றிவிடுகிறார்கள். அது மூன்றாண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். செட் உங்கள் கையில்தான் இருக்கும், கடைக்காரர் கையில் இருக்காது.

பூட்டு திறந்த பிறகு இரண்டாவது சோதனை. பிரான்சில் 4ஜி 700, 800, 1800, 2600-ல் ஓடுகிறது. இங்கே 1800 பரவலாக உண்டு என்பதால் தெருவில் சிக்னல் வரும். ஆனால் ஜியோ வீட்டுக்குள் நுழைய நம்பியிருப்பது 850-ஐ, நெரிசலுக்கு 2300-ஐ. உங்கள் மாடலில் பேண்ட் 5 (850), பேண்ட் 40 (2300) இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாடியில் பேசும், அடுப்படியில் பேசாது. அதை டவர் கோளாறு என்று நினைத்து வருடக்கணக்கில் புகார் கொடுத்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: நாங்கள் படகில் போகும்போது கொஞ்ச தூரம் வரை பழைய செட்டில் நன்றாகப் பேச முடிகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் புள்ளி காட்டும், ஆனால் கால் போகாது. புது டச் போனிலும் ஏறக்குறைய அதே கதைதான். ஆன்டெனா வைத்த பூஸ்டர் ஒன்று விற்கிறார்கள். வாங்கினால் ஆழ்கடலில் பேச முடியுமா?
(மீனவர், தேவனாம்பட்டினம்)

பதில்: வாங்காதீர்கள் அண்ணே. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டது.

2ஜி-யில் ஒரே அலையை எட்டுப் பேர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு செட்டும் தன் முறை வரும் நொடித்துளியில் மட்டுமே பேச்சை அனுப்ப வேண்டும். தூரத்தில் இருக்கும் செட்டின் அலை வந்து சேரத் தாமதமாகும் என்பதால், "இவ்வளவு முன்னதாக அனுப்பு" என்று டவர் சொல்லும். அந்தக் கணக்கில் 0 முதல் 63 வரைதான் படி இருக்கிறது. ஒரு படி சுமார் 550 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் டவரின் அலை உங்கள் செட்டுக்குக் கேட்கும், புள்ளி காட்டும். உங்கள் செட்டின் அலை அடுத்தவர் முறையில் போய் விழும், டவர் ஏற்காது. நீங்கள் கண்டதை அப்படியே இந்தக் கணக்கு சொல்கிறது. 35 கிலோமீட்டர் என்பது சுமார் 19 கடல் மைல். அதுவும் டவரிலிருந்து, கரையிலிருந்து அல்ல. பூஸ்டர் சத்தத்தைக் கூட்டுமே தவிர இந்த எல்லையை நகர்த்தாது.

4ஜி-யில் இந்தக் கணக்கு இன்னும் தூரம் போகிறது. ஆனால் கடல் வளைந்திருக்கிறது. 40 மீட்டர் உயர டவரும் படகில் நிற்கும் ஆளும் ஒருவரையொருவர் "பார்க்க" முடிவது சுமார் 30 கிலோமீட்டர்தான். அதற்கப்பால் டவர் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். அதனால்தான் புதுப் போனிலும் அதே கதை. அனுமதியில்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றமும்கூட. கரையில் ஒருவர் வைத்தால் சுற்றியுள்ள எல்லார் போனும் தடுமாறும்.

அந்தக் காசை வி.எச்.எஃப். ரேடியோ செட்டுக்குப் போடுங்கள், ஆபத்தில் அழைக்கும் சானல் 16-ஐ மறக்காதீர்கள். மீன்வளத் துறை வழியாக வரும், செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டருக்குப் பதிந்து வையுங்கள். போன் எட்டும் தூரத்தில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. செட்டில் முதல் பெயராக அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: 501 ரூபாய்க்கு ரிலையன்ஸ் செட் கொடுத்தார்களே, அது இன்னும் புதிதுபோல இருக்கிறது. சிம் போடும் இடம் எங்கே?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: இடமே கிடையாது. 2003-ல் வந்த அந்தச் செட்டுகள் சி.டி.எம்.ஏ. முறை. நம்பரைச் செட்டுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். செட்டை மாற்ற வேண்டுமானால் கம்பெனியிடம்தான் போயாக வேண்டும், அதுதான் அந்த மலிவின் மறுபக்கம். இன்று இந்தியாவில் அந்தச் சேவையே இல்லை. யாராவது "சிம் போடும்படி மாற்றித் தருகிறேன்" என்றால் ஏமாற்று. மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆரம்ப காலத்தில் பாண்டியிலிருந்து சென்னை போனாலே போனில் காசு கரைந்துவிடும், வருகிற காலுக்கும் பணம் பிடிப்பார்கள், பண்டிகை அன்று கால் போகவே போகாது என்று அப்பா சொல்கிறார். மிகைப்படுத்துகிறாரா?
(மாணவி, காலாப்பட்டு)

பதில்: ஒரு சொல்கூட மிகையில்லை. நாட்டின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல், கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியது. அப்போது நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை. வருகிற அழைப்புக்கும் கட்டணம் உண்டு. அது இலவசமானது 2003 மே 1 முதல்தான். மிஸ்டு கால் கொடுத்துப் பழகியது ஒரு தலைமுறையின் கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதே அம்மா. பில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சென்னை தனி வட்டம். அங்கே ஆர்.பி.ஜி., ஸ்கைசெல். நமக்கும் மீதித் தமிழ்நாட்டுக்கும் பி.பி.எல்., ஏர்செல். பி.எஸ்.என்.எல். 2002-ல்தான் வந்தது. 98430, 98420 என்று தொடங்கும் நம்பரை இன்றும் பெருமையாகச் சொல்பவர்கள் அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள். சென்னை வட்டம் மாமல்லபுரம் வரை நீண்டிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது ஒரு கட்டத்தில் திரையில் பெயர் மாறும், அங்கிருந்து ரோமிங். இரு வட்டமும் ஒன்றானது 2005-ல். கடலூரும் புதுச்சேரியும் வேறு வேறு அரசின் கீழ் இருந்தாலும் செல்போனுக்கு ஒரே வட்டம், காரைக்காலும் சேர்த்தி. ஆனால் மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். ஒரே ஆட்சிப் பகுதிக்குள் மாற்றலாகிப் போன அரசு ஊழியர்களுக்கு ரோமிங் பில் வந்தது இப்படித்தான்.

பண்டிகை நாள் விஷயம் இன்னும் சுவையானது. 2ஜி-யில் ஒரு அலைக்கு எட்டு இடம் என்று மேலே சொன்னேன். ஷேர் ஆட்டோவில் ஓட்டுநருக்கு ஒரு இடம் போவது மாதிரி, அதில் ஒன்று டவரின் சொந்த வேலைக்குப் போய்விடும். மிச்சம் ஏழு பேர். அன்றைய டவர்களில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று அலைதான் இருக்கும். அப்படியானால் அந்தப் பக்கம் இருக்கும் தெருக்கள் முழுவதற்கும் ஒரே நேரத்தில் இருபது பேர் பேசலாம், இருபத்தைந்தாவது ஆளுக்கு இடமில்லை. புள்ளி நிறைய இருக்கும், "நெட்வொர்க் பிஸி" என்று வரும். புள்ளி காட்டுவது டவரின் சத்தத்தை, காலி இடத்தை அல்ல. இது இன்றும் உண்மை.

அப்பாவிடம் இன்னொன்றும் கேட்டுப் பார். சேவை மோசம் என்று தெரிந்தும் ஏன் கம்பெனி மாறவில்லை? மாறினால் நம்பர் போய்விடும். நம்பரை வைத்துக்கொண்டே மாறும் வசதி நாடு முழுவதும் வந்தது 2011 ஜனவரி 20-ல். 2018-ல் ஏர்செல் நின்றுபோனபோது லட்சக்கணக்கான தமிழ்நாட்டு நம்பர்கள் பிழைத்தது அந்த வசதியால்தான்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்கள் பகுதியில் டவர் வேலை செய்யவில்லை. ரீசார்ஜ் நாள்கள் வீணாயின. பணம் திரும்பக் கேட்கலாமா? இதற்காக இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமா?
(வாசகர், பாகூர்)

பதில்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த தர விதிகளில், ஒரு மாவட்டத்தில் பெரிய அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் தர வேண்டும் என்று இருக்கிறது. இயற்கைப் பேரிடருக்கு அதில் விலக்கு உண்டு. எனவே புயலுக்குக் கேட்பது கடினம். வெயில் அடிக்கும் நாளில் டவர் படுத்தால் விடாதீர்கள். 198-க்கு அழைத்து டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) வாங்குங்கள், அந்த எண் இல்லாத புகார் புகாரே அல்ல. தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி, பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று யாராவது சொன்னால், முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது என்று பதில் சொல்லுங்கள். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

இரண்டு சிம் யோசனை நல்லதுதான், ஒரு திருத்தத்தோடு. பல கம்பெனிகள் ஒரே டவர் கம்பத்தை வாடகைக்குப் பகிர்ந்துகொள்கின்றன. கம்பத்தின் பேட்டரி தீர்ந்து டீசல் வரவில்லை என்றால் இரண்டு சிம்மும் ஒன்றாகவே படுக்கும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரையைக் கடந்தபோது கடலூர் முழுக்க இதைத்தான் கண்டோம். ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் ஊரார் போனெல்லாம் சார்ஜுக்கு வரிசையாகக் கிடந்தது, சார்ஜ் ஏறிய பிறகும் பேச டவர் இல்லை. எனவே இரண்டாவது சிம் வாங்கும் முன், அடுத்த நீண்ட மின்வெட்டில் அக்கம்பக்கத்தில் யார் யார் போன் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பாருங்கள். கடைசியாக அணையும் கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள். கவரேஜ் வரைபடத்தை நிறுவனங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும், ஆனால் டீசல் கணக்கு அதில் இருக்காது.

கேள்வி: ஞாயிறு சந்தையில் பழைய செட் வாங்கலாமா?
(வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: வாங்கலாம், அவசரப்படாமல். *#06# அழுத்தி வரும் எண்ணும் பேட்டரிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கர் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐ.எம்.இ.ஐ. இல்லாத சீனச் செட்டுகளை 2009 டிசம்பர் முதலே நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை. பிறகு கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த 15 இலக்கம், இதை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். கறுப்புப் பட்டியலில் இருப்பதாகவோ ஏற்கெனவே வேறொரு செட்டில் இருப்பதாகவோ பதில் வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். சரியாக வந்தால் உங்கள் சிம்மைப் போட்டு அங்கேயே ஒரு கால் பேசுங்கள். துண்டுச் சீட்டிலாவது விற்பவர் கையெழுத்தும் அந்த எண்ணும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.